சமையலறை மேடையில் ஐங்கோணங்கள்

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி இருந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். அவருடைய கணிதப் படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிட்டது; தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் படித்திருந்தார். அதுவும் இங்கே சொல்லப்போகும் நிகழ்வுக்கு 35 ஆண்டுகள் முந்தைய கதை. 1970-களில் தன் மகனுக்காக ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ மாத இதழுக்குச் சந்தா கட்டினார். தபாலில் இதழ் வந்ததும், பையன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், அதில் ஒரு பகுதியைத் தேடிப் பிடித்துப் படித்துவிடுவார். மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்த ‘கணித விளையாட்டுகள்’ என்ற தொடர் அது.

1975 டிசம்பர் இதழில் அந்தத் தொடரில் ஒரு செய்தி வந்தது. ஒரே மாதிரியான ஐங்கோணத் துண்டுகளைக் கொண்டு தரையை இடைவெளி இல்லாமல் நிரப்ப எத்தனை வழிகள் உண்டு என்று அதே ஆண்டு ஜூலையில் கார்ட்னர் எழுதியிருந்தார். எட்டு வகைகள்தான் உண்டு என்று அப்போது நம்பப்பட்டது. அதைப் படித்த ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற வாசகர் இன்னொரு வகையைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார். நிபுணர்கள் தவறவிட்டதை வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார் என்ற செய்தி ரைஸை உட்காரவிடவில்லை. தானும் தேடத் தொடங்கினார். வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் சமையலறை மேடையில் தாளை விரித்து வரைவார். யாராவது உள்ளே வந்தால் மூடி மறைத்துவிடுவார். கணிதக் குறியீடுகள் தெரியாததால் தனக்கென்று ஒரு குறிமுறையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். 1976 பிப்ரவரியில், உலகில் யாரும் அதுவரை வரைந்திராத ஓர் ஐங்கோண வகை அவர் கையில் இருந்தது. அதைப் படமாக வரைந்து கார்ட்னருக்குத் தபாலில் அனுப்பினார்.

அறிவியல் எழுத்தை யார் படிக்கிறார்கள், எதற்காகப் படிக்கிறார்கள் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. பொது அறிவுக்காகப் படிக்கிறார்கள் என்பது ஒன்று. வியப்புக்காகப் படிக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யில்லை. ஆனால் ரைஸ் பென்சிலை எடுத்ததற்கு இவை காரணமாகப் போதவில்லை. அந்தப் பத்தி அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுத்தது. முடிந்துவிட்டதாக எண்ணியிருந்த கணக்கு இன்னும் முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. வாசகரைப் பிடித்து வைத்திருக்கும் அறிவியல் எழுத்து எது என்று தேடினால், கண்டுபிடிப்பைச் சொல்லி முடிக்கும் எழுத்தைவிட, முடியாத ஒன்றை வாசகரிடம் ஒப்படைக்கும் எழுத்தே அகப்படுகிறது. அதற்குக் கார்ட்னரின் கால் நூற்றாண்டுப் பணியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மார்ட்டின் கார்ட்னர் 1914-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது தத்துவம். கல்லூரியில் ஒரு கணித வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. சீட்டுக்கட்டு வித்தைகளில் சிறுவயது முதல் தீராத மோகம். பிழைப்புக்காக ‘ஹம்டி டம்டி’ என்ற குழந்தைகள் இதழில் கதைகளும், காகிதத்தை வெட்டியும் மடித்தும் செய்யும் விளையாட்டுகளும் எழுதிவந்தார். 1956 டிசம்பரில் சயன்டிபிக் அமெரிக்கனில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. அதுவும் காகித மடிப்பைப் பற்றியதுதான்.

அந்தக் காகிதத்துக்கு ஒரு கதை உண்டு. 1939-இல் ஆர்தர் ஸ்டோன் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து பிரின்ஸ்டனுக்கு மேற்படிப்புக்கு வந்தார். அமெரிக்கத் தாள்கள் அவருடைய ஆங்கிலேயக் கோப்பைவிட அகலமாக இருந்தன. ஓரத்தை வெட்டினால்தான் கோப்புக்குள் போகும். வெட்டிய துண்டுகளை எறிய மனமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தபோது, திருப்பத் திருப்பப் புதிய முகம் காட்டும் ஓர் அறுகோணம் உருவாகிவிட்டது. அவரும் நண்பர்களும் சேர்ந்து அதை ஆராயக் குழுவே அமைத்தார்கள். பின்னாளில் இயற்பியலுக்காக நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் ஃபைன்மனும், புள்ளியியலில் பெரும்பெயர் பெற்ற ஜான் டூக்கியும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

இதைச் செய்வதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீளமான காகிதப் பட்டையில் பத்துச் சமபக்க முக்கோணங்களை அடுத்தடுத்து வரைந்து, கோடுகளை இருபுறமும் நன்றாக மடித்துப் பழக்கிக்கொள்ள வேண்டும். பட்டையை மூன்று மூன்று முக்கோணங்களாக ஒரே திசையில் சுற்றினாற்போல் மடித்தால் அறுகோணம் வரும். கடைசி முக்கோணத்தை முதல் முக்கோணத்தின் மேல் பசை போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. இப்போது மேலே ஆறு முக்கோணங்கள், கீழே ஆறு. மேல்முகத்துக்குச் சிவப்பும் கீழ்முகத்துக்கு நீலமும் தீட்டலாம். அடுத்தடுத்த இரண்டு முக்கோணங்களை விரல்களால் கிள்ளிச் சேர்த்து, எதிர்ப்பக்க மூலையை உள்ளே தள்ளினால், நடுப்பகுதி மொட்டு விரிவதுபோல் திறக்கும். திறந்தால் மேலே இருந்த சிவப்பைக் காணோம். வண்ணமே தீட்டாத வெள்ளை முகம் ஒன்று வந்து நிற்கும். ஒட்டிய முக்கோணத்தைக் கழித்தால் பட்டையில் ஒன்பது. இரண்டு புறமும் சேர்த்துப் பதினெட்டு. ஒரு முகத்துக்கு ஆறு வீதம் மூன்று முகங்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. இருந்தாலும், கையில் திறக்கும் அந்த நொடியில் எந்தக் கணக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கட்டுரை வெளிவந்ததும் நியூயார்க் அலுவலகங்களில் ஆட்கள் வேலையை ஓரம் கட்டிவிட்டுக் காகிதம் மடிக்கத் தொடங்கினார்கள். பதிப்பாளர் ஜெரார்ட் பீல் கார்ட்னரைக் கூப்பிட்டு, மாதாமாதம் எழுதுவதற்கு இப்படிப்பட்ட சரக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்த கார்ட்னர் நேரே போனது மன்ஹாட்டனின் பழைய புத்தகக் கடைகளுக்கு. பொழுதுபோக்குக் கணிதம் பற்றிய புத்தகம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அகப்பட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் எழுத உட்கார்ந்தார். 1957 ஜனவரியில் தொடர் தொடங்கியது. 1981 வரை நடந்தது.

அவருக்குக் கணிதம் ஆழமாகத் தெரியாது என்பதுதான் அந்தத் தொடரின் பெரிய பலம். கார்ட்னர் இதைத் தானே பலமுறை சொல்லியிருக்கிறார்: ஒன்றைப் புரிந்துகொள்ளத் தனக்கு நெடுநேரம் பிடித்தது, அதனால்தான் வாசகருக்குப் புரியும்படி எழுத முடிந்தது என்று. எந்தப் படியில் கால் தடுக்கும் என்பது ஏற்கெனவே தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரியும். நிபுணர் அந்தப் படியை எப்போதோ தாண்டிவிட்டவர். அங்கே ஒரு படி இருந்ததே அவருக்கு மறந்திருக்கும். பாமரருக்காக எழுதுகிறேன் என்று குனிந்து பேசும் தொனி கார்ட்னரிடம் ஒருபோதும் வரவில்லை. வாசகருக்கு அருகிலேயே உட்கார்ந்து, தானும் அதே காகிதத்தை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

கடிதங்கள் வந்தன. குவிந்தன என்பதே சரி. பேராசிரியர்கள், மாணவர்கள், பொறியாளர்கள், சிறைக்கைதிகள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் எழுதினார்கள். கார்ட்னர் அவற்றைப் படித்தார், பதில் எழுதினார், பிழை சுட்டப்பட்டால் அடுத்த இதழில் திருத்தினார், ஒருவருடைய கடிதத்தை அந்தத் துறை தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பிவைத்தார். கல்யாணத் தரகர் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைப்பதுபோல, ஒன்றையொன்று அறியாத மனிதர்களை ஒரு கணக்கின் பேரில் சேர்த்துவைத்தார். அவர் தொடங்கியது பத்தி. இருபத்தைந்து ஆண்டுகளில் அது ஒரு சமூகமாகவே ஆகிவிட்டது.

1970 அக்டோபர் இதழை எடுத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஜான் கான்வே உருவாக்கிய ‘உயிர் விளையாட்டு’ அதில் அறிமுகமானது. கட்டம் போட்ட தாளும் கொஞ்சம் சோழிகளும் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். ஒரு சோழிக்கு இரண்டோ மூன்றோ அண்டைச் சோழிகள் இருந்தால் அது பிழைக்கும். குறைந்தாலும் கூடினாலும் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று சோழிகள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். விதி இவ்வளவுதான். ஆனால் இந்த விதியிலிருந்து நகரும் உருவங்களும் துடிக்கும் உருவங்களும் தோன்றுகின்றன. கான்வேக்கு ஒரு கேள்வி இருந்தது: எல்லையில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் அமைப்பு ஒன்று இருக்க முடியுமா? முடியாது என்பது அவருடைய ஊகம். அந்த ஆண்டு முடிவதற்குள் நிரூபிப்பவருக்கோ மறுப்பவருக்கோ 50 டாலர் பரிசு என்று பத்தியில் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இருந்த பில் காஸ்பரும் அவருடைய கூட்டாளிகளும் கான்வேயின் ஊகத்தை உடைத்துவிட்டார்கள். முப்பது படிகளுக்கு ஒருமுறை ஒரு சிறு உருவத்தைப் பெற்றெடுத்து வெளியே அனுப்பும் துப்பாக்கி போன்ற அமைப்பு ஒன்று அவர்களுடைய கணினித் திரையில் ஓடியது. தோற்றதில் கான்வேக்கு மகிழ்ச்சி. கேள்வி கேட்டவரும் வாசகரும் பத்திக்காரரும் சேர்ந்து ஒரே மாதத்தில் ஒரு துறையைப் பிறப்பித்துவிட்டார்கள்.

1977 ஆகஸ்டில் வந்த பத்தி இன்று எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் உருவாக்கிய சங்கேத முறையைக் கார்ட்னர்தான் முதன்முதலில் பொதுமக்களுக்கு விளக்கினார். பூட்டுவதற்கான சாவியை ஊருக்கே அறிவித்துவிடலாம். திறப்பதற்கான சாவி மட்டும் இரகசியம். இணையத்தில் பணம் அனுப்பும் ஏற்பாட்டுக்கு இந்தக் கருத்து அடித்தளமாக அமைந்தது. விவரம் வேண்டுவோர் சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையை எம்.ஐ.டி.க்கு அனுப்பலாம் என்று பத்தியில் ஒரு வரி இருந்தது. உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான உறைகள் போய்ச் சேர்ந்தன. அரசின் இரகசியத் துறைகள் ஆட்சேபிக்குமோ என்ற தயக்கத்தில் பல மாதங்கள் காத்திருந்து, அதன் பிறகே பதில்கள் அனுப்பப்பட்டன.

அதே பத்தியில் 129 இலக்கமுள்ள ஓர் எண்ணும் அச்சாகியிருந்தது. அதை இரண்டு பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து, மறைந்திருக்கும் வாசகத்தைப் படிப்பவருக்கு 100 டாலர். அன்றைய முறைகளில் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. 17 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. 1994 ஏப்ரலில், பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து அந்த எண்ணை உடைத்தார்கள். பத்திரிகையில் வந்த ஒரு புதிருக்கு ஒரு தலைமுறை தாண்டி வந்த விடை அது.

வாசகர்களை நம்பியவர் என்பதால் அவர்களைச் சீண்டிப் பார்க்கவும் கார்ட்னருக்கு உரிமை இருந்தது. 1975 ஏப்ரல் இதழில், உலகம் கவனிக்காமல் விட்ட ஆறு பெரிய கண்டுபிடிப்புகள் என்று ஒரு பத்தி எழுதினார். ஆறும் கட்டுக்கதை. அவற்றில் ஒன்று நம் ஊர்க்காரரைப் பற்றியது. ‘பை’ (π) என்ற மாறிலியை 163-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் எண்ணை e என்ற மாறிலிக்கு அடுக்காகப் போட்டால் சரியான முழு எண் கிடைக்கும் என்று 1914-இல் எழுதிய கட்டுரையில் ராமானுஜன் ஊகித்ததாகவும், அது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவும் கார்ட்னர் எழுதினார். உண்மையில் அது முழு எண் இல்லை. 262537412640768743 என்ற பதினெட்டு இலக்கங்களுக்குப் பிறகு தசமப் புள்ளி. அதன்பின் வரிசையாகப் பன்னிரண்டு ஒன்பதுகள். பதின்மூன்றாவது இடத்தில்தான் ஒன்பது நின்று இரண்டு வருகிறது. அந்தக் காலத்துச் சாதாரணக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து யாரும் பொய்யைப் பிடித்துவிட முடியாது. 1914-இல் ராமானுஜன் எழுதிய கட்டுரையில் இதே இனத்தைச் சேர்ந்த வேறு எண்கள் உண்டு. இந்த எண் இல்லை. 1859-இலேயே பிரெஞ்சுக் கணிதவியலர் எர்மீட் இதைக் கவனித்திருந்தார். ஆனாலும் பொய் நிலைத்துவிட்டது. இன்றும் அந்த எண்ணுக்கு ராமானுஜன் மாறிலி என்றே பெயர்.

அதே பத்தியில் இன்னொரு பொய்யும் இருந்தது: நான்கு வண்ணங்களால் தீட்ட முடியாத, ஐந்தாவது வண்ணம் தேவைப்படும் வரைபடம் ஒன்று கிடைத்துவிட்டது என்பது. படமும் அச்சாகியிருந்தது. வாசகர்கள் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்து நான்கே வண்ணங்களில் தீட்டி, இதோ பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஏமாற்று வேலைகூட அவர்களுக்கு வீட்டுப்பாடமாகிவிட்டது. எந்த வரைபடத்துக்கும் நான்கு வண்ணம் போதும் என்ற நிரூபணம் அடுத்த ஆண்டு, 1976-இல், கணினியின் துணையோடு வந்தது.

ராமானுஜன் பெயர் வந்ததால் இதைச் சொல்லாமல் போக முடியாது. அவரே ஒரு பத்திரிகையின் கணக்குப் பகுதிக்கு எழுதியவர். டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் 1907-இல் தொடங்கிய அமைப்பே இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அதன் இதழில் வாசகர்களுக்குக் கணக்கு விடும் பகுதி ஒன்று உண்டு. 1911-இல் ராமானுஜன் ஒரு கேள்வி அனுப்பினார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவேயில்லாமல் போகும் கோவை. அதன் மதிப்பு என்ன? ஒன்றோடு, இரண்டு மடங்கு மூலத்தைக் கூட்டி மூலம் எடு, அந்த உள்மூலத்துக்குள் ஒன்றோடு மூன்று மடங்கு மூலம், அதற்குள் நான்கு மடங்கு, இப்படியே போகும். ஆறு மாதங்கள், மூன்று இதழ்கள் காத்திருந்தார். ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் தானே எழுதினார்: விடை 3.

ஒரு தாளின் ஓரத்தில் இதைச் சரிபார்த்துவிடலாம். மூன்று என்பது ஒன்பதின் வர்க்கமூலம். ஒன்பதை ஒன்று கூட்டல் எட்டு என்று எழுதலாம். எட்டு என்பது இருநான்கு. அந்த நான்கு பதினாறின் மூலம். பதினாறு என்பது ஒன்று கூட்டல் பதினைந்து. பதினைந்து என்பது மூவைந்து. அந்த ஐந்து இருபத்தைந்தின் மூலம்; அது ஒன்று கூட்டல் நாலாறு. ஆறாம் வகுப்பு வாய்ப்பாடு தெரிந்தவருக்கு இதற்குமேல் தானே ஓடும். இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் கோவை உண்மையிலேயே மூன்றில்தான் வந்து நிற்கும் என்பதற்கு இன்னும் கொஞ்சம் கவனமான வாதம் வேண்டும். ஆனாலும் வாசல் திறந்துவிட்டது. இவ்வளவு எளிய வாசலை அன்று ஒருவரும் தள்ளிப் பார்க்காததற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. அந்த இதழைப் படித்தவர்கள் மிகச் சிலர். அவர்களையும் ஒருவரோடு ஒருவர் கோத்துவைக்க ஓர் ஆள் இல்லை. நல்ல கேள்வி இருந்தும் சமூகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆறு மாத மௌனம் காட்டுகிறது.

இங்கிலாந்தில் அப்படியொரு சமூகம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. பெண்களுக்கென்று 1704-இல் தொடங்கிய ‘லேடீஸ் டைரி’ என்ற பஞ்சாங்கம், சமையல் குறிப்புகளைக் கைவிட்டுவிட்டுக் கணக்குப் புதிர்களுக்கு மாறியது. வாசகர்கள் கேட்டது அதைத்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது விற்றது. அதன் வாரிசாக வந்த இதழில்தான் 1850-இல் தாமஸ் கிர்க்மன் என்ற பாதிரியார் பதினைந்து பள்ளிச் சிறுமிகளைப் பற்றிய புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டார். தினமும் மும்மூன்று பேராக நடந்து போகிறார்கள். ஏழு நாளில் எந்த இருவரும் ஒரே வரிசையில் இருமுறை சேரக்கூடாது. சேர்வியல் என்ற கணிதப் பிரிவின் வேர்களில் ஒன்று அந்தப் பஞ்சாங்கத்து மண்ணில் இருக்கிறது.

ரைஸின் கடிதத்துக்குத் திரும்பலாம். அவர் கண்டுபிடித்தது எவ்வளவு பெரியது என்று தெரிய, தரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முக்கோணம் எந்த வடிவில் இருந்தாலும் டைல்ஸ் ஒட்டிவிடலாம். நாற்கோணமும் அப்படியே. அறுகோணத்தில், உள்வளைவு இல்லாதவற்றில், மூன்று வகைகள் சரிவரும். உள்வளைவு இல்லாத ஏழு பக்க உருவமும் அதற்கு மேற்பட்டவையும் நடக்காது. தொல்லை கொடுப்பது ஐங்கோணம் மட்டும். பக்கமெல்லாம் சமமாக உள்ள ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324. மிச்சம் 36 பாகை சந்து. நான்காவது துண்டு அதில் நுழையாது. ஆனால் குழந்தைகள் வரையும் வீட்டுப் படத்தைப்போல, சதுரத்தின் மேல் கூரை வைத்த ஐங்கோணம் பொருந்தும். ஒரு வரிசை நேராகவும் அடுத்த வரிசை தலைகீழாகவும் வைத்தால் கூரைக்குக் கூரை இறுகிக்கொள்ளும். இப்படிப் பொருந்தும் ஐங்கோணங்கள் எத்தனை வகை? 1918-இல் கார்ல் ரைன்ஹார்ட் ஐந்து வகைகளைக் கொடுத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1968-இல், ரிச்சர்ட் கெர்ஷ்னர் இன்னும் மூன்றைச் சேர்த்து, பட்டியல் முடிந்தது என்று அறிவித்தார். ஜேம்ஸின் கடிதத்தோடு அந்த முடிவு கலைந்தது.

கார்ட்னருக்கு ரைஸின் படங்கள் புரிந்தன, குறிகள் புரியவில்லை. பென்சில்வேனியாவின் மொரேவியன் கல்லூரியில் இருந்த டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதவியலருக்கு அவற்றை அனுப்பினார். முதலில் அவருக்கும் அவை ஏதோ பழங்காலச் சித்திர எழுத்துகளைப்போலத்தான் தெரிந்தன. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் குறிகளுக்குப் பின்னால் ஒழுங்கான தேடல் முறை ஒன்று இருப்பது தெரியவந்தது. எந்தெந்த மூலைகள் கூடினால் முழு வட்டம் நிரம்பும், எந்தெந்தப் பக்கங்கள் சமமாக வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒன்றையும் விடாமல் ரைஸ் சோதித்துக்கொண்டு போயிருந்தார். 1977 அக்டோபருக்குள் அவர் கண்டுபிடித்த புதிய வகைகள் நான்கு. வரைந்த வெவ்வேறு தரைக்கோலங்கள் அறுபதுக்கு மேல். 1978-இல் ஷாட்ஷ்னைடர் அவற்றை ‘மேதமேட்டிக்ஸ் மேகசின்’ இதழில் விரிவாக எழுதி உலகறியச் செய்தார். வேறொருவராக இருந்திருந்தால், கணிதக் குறியீடு தெரியாத அம்மாளின் கடிதம் என்று குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். கார்ட்னர் தொடரின் உண்மையான சாதனை அதில் அச்சான பக்கங்களில் இருக்கிறதா, இப்படிக் கை மாறிப் போன ஓர் உறையில் இருக்கிறதா என்று கேட்டால், உறையில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1995-இல் லாஸ் ஏஞ்சலஸ் கணிதக் கூட்டமொன்றில் ரைஸின் ஐங்கோணங்களைப் பற்றி ஷாட்ஷ்னைடர் பேசினார். கூச்ச சுபாவமுள்ள ரைஸையும் அவர் கணவரையும் வற்புறுத்தி வரவழைத்திருந்தார். பேச்சின் முடிவில் ரைஸ் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டியதும் அரங்கு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. 1999-இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் (எம்.ஏ.ஏ.) தலைமையகத்தில், முன்கூடத் தரைக்கு ரைஸின் கோலங்களில் ஒன்றையே தேர்ந்தெடுத்துப் பதித்தார்கள். பதினான்காவது வகை 1985-இலும் பதினைந்தாவது வகை 2015-இலும் கிடைத்தன. பதினாறாவது கிடையாது என்று 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர் மிக்கேல் ராவ் 371 சாத்தியங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகச் சோதித்து நிறுவினார். அந்த ஆண்டு ஜூலையில் ரைஸ் காலமானார்.

இதையெல்லாம் தமிழ் வாசகர் முன் வைக்கும்போது ஒரு வேதனையை மறைக்க முடியவில்லை. தமிழில் அறிவியல் எழுத்துக்குப் பஞ்சமில்லை. வழக்கறிஞரான பெ.நா. அப்புசாமி முதல் குழந்தைகளுக்கான ‘துளிர்’ வரை அதற்கு நல்ல மரபு உண்டு. ஆனால் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களில் பெரும்பாலும் வருவது முடிந்துபோன செய்தி: விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், இனி மருந்து வரும், விண்கலம் போய்ச் சேர்ந்தது. வாசகர் வியந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதைத் தவிர அங்கே அவருக்கு வேலை இல்லை. ஒரு கேள்வியைப் பாதியில் விட்டு, விடை அனுப்புங்கள் என்று கேட்டு, வந்த விடைகளைப் படித்து, அடுத்த வாரம் பெயர் போட்டுப் பதில் எழுத ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். காலையில் எழுந்து புள்ளி வைத்து, கம்பி பிசகாமல் கோலம் போட்டு முடிக்கும் கைகள் இந்த நாட்டில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. அந்தக் கோலங்களின் இலக்கணத்தைத் தாம்பரத்தில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே ஆராய்ந்து, கணினியியல் ஆய்விதழில் எழுதினார்கள். அதே ஆண்டுகளில்தான் சான் டியேகோவில் ரைஸ் தன் தாள்களை மூடி மறைத்துக்கொண்டிருந்தார்.

கார்ட்னர் 2010-இல் மறைந்தார். அவருடைய வாசகர்கள் 1993 முதல் அட்லாண்டாவில் கூடிப் புதிர்களையும் வித்தைகளையும் பரிமாறிக்கொள்கிறார்கள். அவர் திறந்துவிட்ட கேள்விகளில் ஒன்று இன்னும் நீண்ட தூரம் ஓடியது. ரோஜர் பென்ரோஸ் கண்டுபிடித்த இரண்டு ஓடுகளைப் பற்றி 1977 ஜனவரியில் கார்ட்னர் எழுதினார். அந்த இரண்டையும் சேர்த்துத் தரையை நிரப்பலாம். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் கோலம் தன்னைத்தானே சீராகத் திருப்பிச் சொல்லாது. இரண்டு ஓடுகள் ஏன், ஒரே ஓட்டினால் இதைச் செய்ய முடியாதா என்று உலகம் தேடிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரில், டேவிட் ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி இருக்கிறார். வடிவங்களோடு விளையாடுவது அவருடைய பொழுதுபோக்கு. 2022 நவம்பரில் பதின்மூன்று பக்கமுள்ள, கசங்கிய தொப்பி போன்ற ஓர் உருவம் கணினித் திரையில் அவர் கண்ணில் பட்டது. திரையை நம்பாமல் அட்டையில் முப்பது தொப்பிகளை வெட்டி மேசையில் அடுக்கினார். இடைவெளி இல்லாமல் பொருந்தின. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு மட்டும் தென்படவில்லை. இன்னும் முப்பது வெட்டினார். பிறகு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்த கிரெய்க் கேப்லனுக்கு எழுதினார். இருவரும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 2023 மார்ச்சில் நிரூபணத்தை வெளியிட்டார்கள். உடனே ஆட்சேபம் கிளம்பியது: சில இடங்களில் தொப்பியைக் குப்புறத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது, வழவழப்பு ஒரு பக்கம் மட்டுமே உள்ள ஓட்டை எப்படித் திருப்புவது, அப்படியானால் இது ஓர் ஓடா, இரண்டு ஓடா? ஸ்மித் மறுபடியும் உருவங்களோடு உட்கார்ந்தார். மே மாதம் முடிவதற்குள், திருப்பவே தேவையில்லாத இன்னொரு ஓடு வந்துவிட்டது.